3டி மாடலில் அனாட்டமி படிப்பது: மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., பிசியோதெரபி, நர்சிங் மாணவர்களையும் அவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. போனில் இருக்கும் ஆப், கல்லூரியில் இருக்கும் விர்ச்சுவல் டேபிள் (உடலைத் திரையில் காட்டும் மேசை), வி.ஆர். ஹெட்செட் எதுவானாலும் இதில் உள்ளவை பொருந்தும்.

இடஞ்சார் திறன் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு பொருளை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்ப்பது, குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரியும் என்று ஊகிப்பது, முன்னால் இருப்பது மறைத்தாலும் பின்னால் இருப்பது எங்கே என்று கணிப்பது. இவற்றை ஒன்றாகச் சேர்த்துத்தான் இடஞ்சார் திறன் என்கிறார்கள். மேசையில் தலைகீழாகக் கிடக்கும் ஸ்கேபுலாவை (தோள்பட்டை எலும்பு) பார்த்து வலதா இடதா என்று சொல்வதற்கும், சி.டி. படத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்து அது நெடுக ஓடும் குழாயின் ஒரு வெட்டு என்று புரிந்துகொள்வதற்கும் இதுதான் வேண்டும். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

ராஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971-ல் வெளியிட்ட சோதனை இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். கனசதுரங்களை அடுக்கிச் செய்த இரண்டு உருவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆகும் நேரமும் நேர்கோட்டில் கூடியது. அதாவது மனத்திலும் திருப்புவதற்கு நேரம் பிடிக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் கோணத்திலேயே ஸ்பாட்டர் (தேர்வில் மேசையில் வைத்து அடையாளம் கேட்கும் பொருள்) வைத்தால் உடனே பதில் வருவதும், அதே எலும்பை 120 டிகிரி திருப்பி வைத்தால் மணி அடிக்கும் வரை விழிப்பதும் இதனால்தான்.

அதை எப்படி அளக்கிறார்கள்? நானே சோதித்துப் பார்க்கலாமா?

அதிகம் பயன்படுவது மென்ட்டல் ரொட்டேஷன்ஸ் டெஸ்ட். வாண்டன்பெர்க், கூஸ் இருவரும் 1978-ல் வெளியிட்டது. 1995-ல் திருத்தி வரைந்த வடிவத்தில் 24 கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூல உருவம், பக்கத்தில் நான்கு உருவங்கள். நான்கில் இரண்டு மட்டும் மூல உருவத்தின் திருப்பிய வடிவம். இரண்டையும் சரியாகக் குறித்தால்தான் ஒரு மதிப்பெண். 12 கேள்விக்கு 3 நிமிடம், பிறகு 4 நிமிட இடைவெளி, மறுபடி 12 கேள்வி. நேரம் போதாதபடியே அமைத்திருக்கிறார்கள்.

வெட்டுமுகத்தை ஊகிக்கும் திறனுக்கு சாண்டா பார்பரா சாலிட்ஸ் டெஸ்ட் என்று தனியாக 30 கேள்விகள் கொண்ட ஒன்று உண்டு. ரேடியாலஜி படங்களோடு நெருங்கிய உறவு இதற்குத்தான். ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் அப்படியே செய்வார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வரும் எண்ணை வைத்து உங்களுக்கு நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். எப்படிப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்ய மட்டுமே அது உதவும்.

மதிப்பெண் குறைவாக வந்தால் எனக்கு அனாட்டமி வராது என்று அர்த்தமா?

இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் செய்த ஆய்வில், மென்ட்டல் ரொட்டேஷன்ஸ் (மனச்சுழற்சி) சோதனையில் மேலே நின்றவர்கள் அனாட்டமி தேர்விலும் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்பது உண்மை. தொடர்பு இருக்கிறது. ஆனால் அது இரு வழிப் பாதை. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் அனாட்டமி படித்த மருத்துவ மாணவர்களையும், அனாட்டமி படிக்காத கல்வியியல் மாணவர்களையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். அனாட்டமி படித்தவர்களின் மனச்சுழற்சி மதிப்பெண் கூடுதலாக உயர்ந்தது. முடிவுகள் 2013-ல் வந்தன. படிப்பே திறனை வளர்க்கிறது.

அதே 2013-ல் டேவிட் உட்டலும் உடன் ஆய்வாளர்களும் 217 ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சியால் இடஞ்சார் திறன் உயர்கிறது, அது நிலைக்கிறது, பயிற்சி கொடுக்காத பணிகளுக்கும் ஓரளவு பரவுகிறது என்று காட்டினார்கள். சராசரி விளைவு 0.47, அதாவது ஏறக்குறைய அரை திட்டவிலக்கம். கல்வி ஆய்வுகளில் இது சின்ன எண் அல்ல.

பெண்களுக்கு இந்தத் திறன் குறைவு என்கிறார்களே?

மனச்சுழற்சிச் சோதனையில் ஆண்களின் சராசரி மேலே இருப்பது பல முறை பதிவான ஒன்று. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அந்த இடைவெளி சுருங்குகிறது என்பதும் அதே அளவு பதிவானது. பயிற்சி கொடுத்தால் இரு பாலாருக்கும் ஏறுகிறது. சராசரியை வைத்து எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வகுப்பில் இதை ஒரு ‘தகவல்’ போல அறிவிக்கும் பழக்கம் சில ஆசிரியர்களிடம் இருக்கிறது. விட்டுவிடலாம்.

ஆப்பில் மாடலை எல்லாக் கோணத்திலும் சுற்றிப் பார்த்தால் நன்றாகப் பதியும்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி நார்மனின் குழு 1990-களின் கடைசியிலிருந்து இதைத்தான் சோதித்து வந்தது. மணிக்கட்டின் எட்டு கார்ப்பல் எலும்புகளைத் திரையில் கற்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குப் பல கோணங்களில் சுழலும் மாடல். இன்னொரு குழுவுக்கு முன்புறம், பின்புறம் என்ற முக்கியப் பார்வைகள் மட்டும். இடஞ்சார் திறன் குறைந்த மாணவர்கள், பல கோணக் குழுவில் இருந்தபோது பின்தங்கினார்கள். கூடுதல் கோணங்கள் அவர்களுக்குச் சுமையாகிவிட்டன. பிறகு செய்த சோதனைகளில் சுழற்றும் கட்டுப்பாட்டை மாணவர் கையில் கொடுத்து, முக்கியப் பார்வைக் குழுவுக்கும் மாடலைச் சற்றே இப்படி அப்படி அசைக்க மட்டும் அனுமதித்தபோது, பல கோணங்களால் சாதகம் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. மூளையின் அமைப்பை வைத்து 2007-ல் வெளியான ஆய்விலும் முக்கியப் பார்வைகளில் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்.

காரணம் இப்படி இருக்கலாம் என்கிறார்கள். மனம் ஒரு உருவத்தை 360 கோணங்களிலும் சேமித்து வைப்பதில்லை. ஓரிரு அடிப்படைப் பார்வைகளைச் சேமித்து, வேறு கோணம் வரும்போது அதிலிருந்து திருப்பிக் கணக்கிடுகிறது. அடிப்படைப் பார்வையே உறுதியாகப் பதியாதவருக்கு மாடல் சுழன்றுகொண்டே இருந்தால், எதிலிருந்து கணக்கிடுவது?

இடஞ்சார் திறன் அதிகம் உள்ளவர்கள் அதே சுழலும் மாடலில் தாக்குப்பிடிக்கிறார்கள், சில நேரம் பலனும் அடைகிறார்கள். ஆகவே ‘எனக்கு நன்றாகப் புரிகிறதே’ என்று சொல்லும் நண்பரின் முறை உங்களுக்கும் பொருந்தும் என்று இல்லை.

அப்படியானால் 3டி மாடலால் பயனே இல்லையா?

இருக்கிறது. 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, தட்டையான படங்களோடு ஒப்பிட்டால் முப்பரிமாணக் காட்சிகள் இடஞ்சார் அறிவுக்கு உதவுகின்றன என்றே முடித்தது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். புத்தகப் படத்தை 3டி மாடல் வெல்லலாம். கையில் பிடிக்கும் எலும்பை வெல்லுமா என்பது வேறு கேள்வி, அதற்குக் கீழே வருகிறோம்.

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மேரி ஹெகார்ட்டியும் மேடலின் கீனரும் செய்த ஒரு சோதனை இன்னும் நேரடியானது. உடலுறுப்பு போன்ற ஒரு வடிவத்தின் வெட்டுமுகத்தை வரையச் சொல்லி, உதவிக்கு ஒரு சுழலும் மாடலைக் கொடுத்தார்கள். வரைவதற்குத் தேவையான பார்வைக்கு மாடலைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நன்றாக வரைந்தார்கள். கண்டபடி சுழற்றியவர்களுக்குப் பலன் இல்லை. தாங்களே சுழற்றாமல், சரியான பார்வைக்கு வரும் அசைவை வெறுமனே பார்த்தவர்களும் நன்றாகவே வரைந்தார்கள். என்ன கண்ணில் பட்டது என்பதுதான் கணக்கு, விரல் நகர்ந்ததா என்பதில்லை.

சரி, ஒரு பகுதியை எடுத்து எப்படிப் படிப்பது என்று காட்டுங்களேன்.

டெரிகோபாலடைன் ஃபோசாவை, அதாவது மேல்தாடை எலும்புக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் சிறு குழியை எடுத்துக்கொள்வோம். படத்தில் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் அபூர்வம்.

ஆப்பைத் திறக்கும் முன் தாளில் ஒரு பெட்டி வரையுங்கள். அதில் ஏழு வாசல்களைக் குறியுங்கள். முன்னால் இன்ஃபீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர். பின்னால் மூன்று: ஃபொராமென் ரொட்டண்டம், டெரிகாய்ட் கெனால், பாலடோவஜைனல் கெனால். உள்பக்கம் ஸ்ஃபினோபாலடைன் ஃபொராமென். வெளிப்பக்கம் டெரிகோமேக்சிலரி ஃபிஷர். கீழே கிரேட்டர் பாலடைன் கெனால். இந்தப் பெட்டிதான் அடிப்படைப் பார்வை. மாடல் அதற்குச் சதை பூசுவதற்கு மட்டும்.

இப்போது ஆப்பில் மண்டையோட்டை மட்டும் வையுங்கள். நேர் பக்கவாட்டுப் பார்வை. மேண்டிபிளையும் சைகோமேட்டிக் ஆர்ச்சையும் மறையுங்கள். மேக்சிலாவின் பின்புறத்துக்கும் டெரிகாய்ட் பிளேட்டுக்கும் நடுவில் மேலே அகன்று கீழே குறுகும் ஒரு இடுக்கு தெரியும். அதுதான் டெரிகோமேக்சிலரி ஃபிஷர், பெட்டியின் வெளிவாசல். அரை நிமிடம் அங்கேயே நில்லுங்கள். இடுக்கின் வழியே ஆழத்தில் என்ன இருக்க வேண்டும்? ஸ்ஃபினோபாலடைன் ஃபொராமென், அதற்கு அப்பால் மூக்கறை. சொன்ன பிறகு லேசாக, 10 டிகிரிக்குள், மாடலை அசைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது பார்வை முன்னாலிருந்து. திருப்புவதற்கு முன்பே, ரொட்டண்டமும் டெரிகாய்ட் கெனாலும் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திருப்பி மேக்சிலாவை மறையுங்கள். ரொட்டண்டம் மேலே வெளிப்பக்கமாகவும், டெரிகாய்ட் கெனால் அதற்குக் கீழே உள்பக்கமாகவும் தெரியும். சி.டி.யின் கொரோனல் (முன்னாலிருந்து பார்ப்பது போன்ற வெட்டு) படத்திலும் இதே அமைப்புதான், ஆகவே இந்த ஒரு பார்வை இரண்டு இடத்தில் உதவும்.

மூன்றாவது பார்வை உள்பக்கத்திலிருந்து. தலையை நடுவே வெட்டி மூக்கறையின் பக்கச் சுவரைப் பாருங்கள். மிடில் காங்காவின் பின்முனைக்குப் பின்னால் ஸ்ஃபினோபாலடைன் ஃபொராமென்.

மூன்று போதும். நான்காவது பார்வை தேடி அலைய வேண்டாம். அடுத்து ஆஸ்டியாலஜி அறைக்குப் போய் ஒரு மண்டையோட்டை எடுத்து, மெல்லிய ஈர்க்குச்சியை கிரேட்டர் பாலடைன் ஃபொராமென் வழியாக மேலே விடுங்கள். முனை ஃபோசாவுக்குள் எட்டிப் பார்க்கும். இன்னொரு குச்சியை மிடில் கிரேனியல் ஃபோசாவிலிருந்து ரொட்டண்டம் வழியே முன்னால் விடுங்கள். இரண்டு குச்சியும் உள்ளே சந்திக்கும் இடத்தைப் பக்கவாட்டு இடுக்கின் வழியே பாருங்கள். பழைய எலும்பில் உள்சுவர்கள் காகிதம் போல இருக்கும், அழுத்தித் தள்ளினால் உடையும்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் இரண்டு. பல ஆப்களில் முக எலும்புகள் ஒரே தொகுப்பாக இருப்பதால், மேக்சிலாவை மறைக்கப் போய் பாலடைன் எலும்பும் சேர்ந்து மறைந்துவிடும். உள்சுவரே அதுதான், அது போனால் ஸ்ஃபினோபாலடைன் ஃபொராமென் அந்தரத்தில் தொங்கும். எலும்பை எலும்பாகத் தனித்தனியே தேர்ந்தெடுத்து மறையுங்கள். இன்னொன்று, மறைப்பதற்குப் பதில் கண்ணாடி போல ஊடுருவும்படி வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எது எதை மறைக்கிறது என்பதுதான் தட்டைத் திரையில் ஆழத்தைச் சொல்லும் முக்கியக் குறிப்பு. ஊடுருவும்படி வைத்தால் அந்தக் குறிப்பே போய், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதாக மாறித் தெரியும்.

சுழற்றும்போது எது மேலே, எது முன்னே என்றே தெரியாமல் போய்விடுகிறது. என்ன செய்ய?

விரலால் எந்தத் திசையிலும் உருட்டவிடும் ஆப்களில் இது சகஜம். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் மாறி மாறி இழுத்தால் மாடல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். செட்டிங்ஸில் சுழற்சியைச் செங்குத்து அச்சோடு கட்டிப்போடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மூலையில் சிறு கனசதுரமோ மனித உருவமோ திசை காட்ட இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ரீசெட் அழுத்தி அனாட்டமிக்கல் பொசிஷனுக்குத் திரும்புவதைப் பழக்கமாக்குங்கள்.

உறுப்பைத் தனியாகப் பிரித்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் படிப்பதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் ஒரு எலும்பையாவது, பெரிய ரத்தக்குழாய் ஒன்றையாவது விட்டு வையுங்கள்.

கார்ப்பல் எலும்புகளுக்கு முன், பின் இரண்டு பார்வை போதுமா?

பெயரும் வரிசையும் தெரிய போதும். கார்ப்பல் டன்னல் புரிய போதாது. முன்பார்வையில் எட்டும் ஒரே தளத்தில் பரப்பி வைத்தது போலத் தெரியும். கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பார்க்கும் கோணத்துக்கு மாடலைக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் அந்த வளைவு தெரியும்: ஒரு பக்கம் பிசிஃபார்மும் ஹேமேட்டின் கொக்கியும், மறுபக்கம் ஸ்கேஃபாய்ட், ட்ரபீசியம் இரண்டின் டியூபர்க்கிள்களும். ஃப்ளெக்சர் ரெட்டினாக்குலம் இந்த நான்கிலும்தான் பிடித்திருக்கிறது. எல்லா உறுப்புக்கும் ஒரே பார்வைப் பட்டியல் கிடையாது. எந்த உறவைக் கேட்கிறார்களோ அதைக் காட்டும் பார்வைதான் அந்த உறுப்புக்கு முக்கியப் பார்வை.

பிளாஸ்டிக் மாடலா, திரை மாடலா?

கையில் கிடைத்தால் பிளாஸ்டிக் மாடல் அல்லது எலும்பு. 2013-ல் மெக்மாஸ்டரில் இடுப்புக்கூட்டை வைத்துச் செய்த ஆய்வில் பிளாஸ்டிக் மாடலில் படித்தவர்கள், கணினி மாடலில் படித்தவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள். கணினி மாடலுக்கும் வெறும் முக்கியப் பார்வைப் படங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தொடு உணர்வால்தான் இது என்று தோன்றும். அதே பல்கலைக்கழகத்தில் புரூஸ் வெயின்மேன் குழு மாணவர்களின் ஒரு கண்ணை மூடிவிட்டு மாடலைக் கற்க வைத்தது. சாதகத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. ஆக முக்கியக் காரணம் இரு கண்ணாலும் ஆழத்தைப் பார்ப்பது. திரையில் தெரியும் ‘3டி’ உண்மையில் இரு கண்ணுக்கும் ஒரே படத்தைக் காட்டும் தட்டைப் படம்தான்.

அப்படியென்றால் வி.ஆர். ஹெட்செட் வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

திசை சரி. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட இரு மைய ஆய்வில், கீழ்க்காலின் அமைப்பை ஹோலோலென்ஸ் என்ற ஹெட்செட் வழியே இரு கண் ஆழத்தோடு படித்தபோது, இடஞ்சார் திறன் குறைந்த மாணவர்களுக்கு அது சாதாரணத் திரை மாடலைவிட உதவியது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே பலன் கிடைத்தது என்பதால் இது கவனிக்க வேண்டிய முடிவு. அந்த ஹோலோலென்ஸ் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது என்பதையும் வாங்கும் குழுவில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இன்று வாங்கும் கருவிக்கு ஐந்தாண்டு கழித்து மென்பொருள் கிடைக்குமா என்பதைக் கேட்காமல் டெண்டர் விட வேண்டாம்.

பயன்படுத்தும்போது, லென்ஸ்களின் இடைவெளியை ஒவ்வொருவரின் கண்மணி இடைவெளிக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். ஒருவர் வைத்ததையே வரிசையில் எல்லோரும் மாட்டிக்கொண்டால் பாதிப் பேருக்கு மங்கலும் தலைவலியும்தான் மிச்சம். மாடலை ஓரிடத்தில் நிறுத்தி மாணவர் அதைச் சுற்றி நடக்கட்டும். ஜாய்ஸ்டிக்கால் மாணவரையே நகர்த்தும் வகையில்தான் குமட்டல் அதிகம். ஒரு அமர்வு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிறுவயதில் மாறுகண் இருந்தவர்கள் சிலருக்கு இரு கண் ஆழப் பார்வை இருக்காது. ஹெட்செட்டால் அவர்களுக்குக் கூடுதல் பலன் வராது, ஆகவே அவர்கள் கையில் எலும்பைக் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடாவர் (பதப்படுத்திய உடல்) டிசெக்‌ஷனுக்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கத்தி எவ்வளவு எளிதாக ஃபேசியாவில் இறங்குகிறது, நரம்பும் டெண்டனும் கைக்கு எப்படி வேறுபடுகின்றன, கொழுப்புக்குள் ஒரு சிறு கிளையை எப்படித் தேடுவது என்பதெல்லாம் திரையில் இல்லை. நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் உள்ள ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு) பகுதியில் கடாவரை முதல் ஆசிரியர் என்று வைத்து ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அது மரியாதைக்காக மட்டும் சொன்னதல்ல. டிசெக்‌ஷனுக்கு முந்தின நாள் இரவு மாடலில் மூன்று பார்வைகளைப் பார்த்துவிட்டு வருவது, முடித்தபின் வெட்டியதால் இடம் மாறிப்போனதை மறுபடி பொருத்திப் பார்ப்பது, இந்த இரண்டுக்கும் மாடல் மிகச் சரியான கருவி.

மாடலில் இருப்பது எல்லாம் சரியாகத்தான் இருக்குமா?

இல்லை. பல மாடல்களில் வலது பாதியைக் கண்ணாடிப் பிம்பமாக்கி இடது பாதியை உருவாக்கியிருப்பார்கள். கை கால்களில் பரவாயில்லை. இடது வலது டெஸ்டிகுலர் வெயின், ரீகரன்ட் லாரிஞ்சியல் நரம்பு போன்றவை வரும் இடத்தில் கவனமாகப் பாருங்கள். ஃபேசியா அடுக்குகள் பெரும்பாலும் இருக்காது. பெரிட்டோனியமும் அப்படியே: லெஸ்ஸர் சேக் போன்ற வெறும் இடுக்கு, ‘பொருள்’ அல்ல என்பதால் மாடல் செய்பவர் அதை விட்டுவிடுவார். லெஸ்ஸர் சேக்கை ஆப்பில் தேடி ஏமாந்தவர்கள் துணியை மடித்துப் பாருங்கள், சீக்கிரம் புரியும்.

உண்மையான உடலிலிருந்து எடுத்ததும் ஒரே ஒருவரின் உடல்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் தரவில் ஆண் உடல் 1 மி.மீ. இடைவெளியில் 1,871 வெட்டுகளாக 1994-ல் வெளியானது. 1995-ல் வந்த பெண் உடல் 0.33 மி.மீ. இடைவெளியில் 5,000-க்கு மேல். அந்த ஆண் ஏற்கெனவே குடல்வால் அகற்றப்பட்டவர். அந்தத் தரவை மட்டும் வைத்து அப்பெண்டிக்ஸ் தேடினால் கிடைக்காது.

ரத்தக்குழாய்க் கிளைகளின் வேறுபாடுகள் எந்த மாடலிலும் போதுமான அளவு இல்லை. அதற்கு பக்கத்து மேசைக் கடாவரை எட்டிப் பார்ப்பதுதான் வழி.

சி.டி., எம்.ஆர்.ஐ. வெட்டுப் படங்களைப் புரிந்துகொள்ள எது உதவும்?

முதலில் மரபு: ஆக்சியல் (குறுக்கு வெட்டு) படத்தை நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நோயாளியின் வலப்பக்கம் உங்கள் இடக்கைப் பக்கம். பல ஆப்களில் ‘மேலிருந்து’ பார்க்கும் பொத்தானை அழுத்தி வெட்டைப் பார்ப்பார்கள், அது சி.டி.க்கு நேர் எதிர். கீழிருந்து பார்க்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும். அதிலேயே மாதிரித் தரவாக மார்புப் பகுதியின் சி.டி. ஒன்று கிடைக்கும். அயோர்ட்டிக் ஆர்ச்சுக்குச் சற்று மேலே, சுமார் டி3 முள்ளெலும்பு மட்டத்தில் வெட்டினால் என்னென்ன தெரியும் என்று முதலில் தாளில் வரையுங்கள். நடுவில் ட்ரக்கியா, பின்னால் ஈசோஃபேகஸ். ட்ரக்கியாவின் முன்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பிரேக்கியோசெஃபாலிக், இடது காமன் கரோட்டிட், இடது சப்கிளேவியன் என்று மூன்று தமனிகள். அவற்றுக்கு முன்னால் இரண்டு பிரேக்கியோசெஃபாலிக் வெயின்கள். வரைந்த பிறகே படத்தை அந்த மட்டத்துக்கு நகர்த்துங்கள். வரையாமல் மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பது மாடலைச் சும்மா சுழற்றுவதற்குச் சமம்.

காசு கொடுக்காமல் என்னென்ன கிடைக்கும்?

ஸி-அனாட்டமி: ஜப்பானின் பாடிபார்ட்ஸ்3டி தரவிலிருந்து வளர்த்தெடுத்தது, பிளெண்டர் மென்பொருளில் திறக்கும். நம்பர்பேடில் 1 முன்பார்வை, 3 பக்கவாட்டு, 7 மேலிருந்து. கன்ட்ரோல் சேர்த்து அழுத்தினால் அதன் எதிர்ப்பக்கம். 5 அழுத்தினால் பெர்ஸ்பெக்டிவ் போய்விடும், அருகிலிருப்பது பெரிதாகத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: பிளெண்டர் ‘ரைட்’ என்று சொல்வது திரையின் வலது. உங்களைப் பார்த்து நிற்கும் உடலுக்கு அது இடப்பக்கம். விசிபிள் ஹியூமன் படங்களுக்கும் 2019 முதல் உரிம ஒப்பந்தம் தேவையில்லை.

கட்டண ஆப்களில் தசை அசைவு, பெயர் வினாடி வினா போன்றவை நன்றாக இருக்கும். ஆண்டுச் சந்தா கட்டும் முன் கல்லூரி நூலகத்தில் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வகுப்பில் 150 பேர், விர்ச்சுவல் டேபிள் ஒன்றே ஒன்று. எப்படி நடத்துவது?

ஒருவர் விரலால் தள்ள, இருபது பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. சாண்டா பார்பரா முடிவு இங்கே ஆறுதல்: பார்ப்பவர்களும் கற்கலாம், காட்டுபவர் சரியான பார்வையில் நிறுத்தினால். ஆகவே இயக்குவது ஆசிரியராகவோ தயார் செய்து வந்த மாணவராகவோ இருக்கட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நான்கு பார்வைகளை முன்கூட்டியே சேமித்து வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மெதுவாக, ஒரே அச்சில் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் நிறுத்தி, ‘இப்போது ஃபெமரல் வெயின் ஆர்ட்டரிக்கு எந்தப் பக்கம் வரும்?’ என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் உடம்பிலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கைந்து பேருக்கு ஒரு எலும்பும் ஒரு டேப்லெட்டும் கொடுக்க முடிந்தால் டேபிளைவிட அதுவே மேல். டேபிள் வாங்கிய பட்ஜெட்டில் எத்தனை எலும்புத் தொகுப்புகள் வாங்கியிருக்கலாம் என்ற கேள்வி பல துறைகளில் கேட்கப்படாமலே போகிறது.

இடஞ்சார் திறனை வளர்க்கத் தனிப் பயிற்சி வேண்டுமா?

அனாட்டமியை வைத்தே செய்யலாம். தினம் ஒரு எலும்பைப் பார்த்து வரையுங்கள், பிறகு பார்க்காமல் 90 டிகிரி திருப்பி வரையுங்கள், பிறகு எலும்போடு ஒப்பிடுங்கள். களிமண்ணில் ஸ்டொமக், டியோடினம், பான்கிரியாஸ் மூன்றையும் செய்து நூலால் அறுத்து வெட்டுமுகம் பாருங்கள். எம்ப்ரியாலஜியில் மிட்கட் 270 டிகிரி இடஞ்சுழியாகத் திரும்புவதை ஒரு துண்டுக் கயிற்றில் செய்து பார்த்தால், டிரான்ஸ்வர்ஸ் கோலன் ஏன் டியோடினத்துக்கு முன்னால் வந்தது என்று கேட்கவே வேண்டாம். டெட்ரிஸ் மாதிரி விளையாட்டுகள் விளையாடலாம், ஆனால் அதைப் படிப்பில் சேர்க்காதீர்கள்.

ஸ்பாட்டர் தேர்வுக்கு ஆப் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் போதுமா?

ஆப்பில் தமனி சிவப்பு, வெயின் நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாமே ஒரே பழுப்பு. நிறத்தை நம்பிப் படித்தவர் மேசை முன் தடுமாறுவார். கடைசி வாரத்தில் ஆப்பில் நிறங்களை அணைத்து, எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கி, பெயர்ப்பட்டைகளை மறைத்துப் படியுங்கள். நண்பரை விட்டு எலும்புகளைத் தாறுமாறாக வைக்கச் சொல்லி, பக்கமும் பெயரும் சொல்லிப் பழகுங்கள். ஸ்பாட்டர் வைக்கும் ஆசிரியர்களும் பாடப்புத்தகக் கோணத்திலேயே எல்லாவற்றையும் வைக்காமல், சிலவற்றையாவது திருப்பி வைத்தால்தான் யாருக்கு உருவம் புரிந்திருக்கிறது, யாருக்குப் படம் மட்டும் மனப்பாடம் என்று தெரியவரும்.